நடத்தை மதிப்பீட்டுப் படிவம் நிரப்பினால் வகுப்பில் ஈடுபாடு கூடுமா?

கரும்பலகை

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் புதிதாக ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். மாணவர் பெயர், பக்கத்தில் கவனம், ஒத்துழைப்பு, பொறுப்புணர்வு, தன்னம்பிக்கை என்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மாதக் கடைசியில் எல்லோரும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மடமடவென்று நிரப்புகிறோம். சேட்டைக்காரப் பையன்களுக்கு 2, முதல் வரிசைக்கு 5, முகம் சட்டென்று நினைவுக்கு வராத பிள்ளைகள் அத்தனை பேருக்கும் 3. நோக்கம் ‘மாணவர் ஈடுபாட்டை அதிகரித்தல்’ என்று தலைப்பிலேயே அச்சடித்திருக்கிறது.

2 வாங்கிய பையன் அடுத்த மாதமும் 2தான் வாங்குகிறான். நடுவில் நான் என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரிகூடக் கிடையாது. இந்த மாதிரி மதிப்பீட்டால் வகுப்பில் உண்மையிலேயே ஏதாவது மாறிப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். பயிற்சி முகாமில் சொன்னதை இங்கே ஒப்பிக்க வேண்டாம், அதை நானும் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

கணக்கு_வாத்தியார்

மாறுமே டீச்சர். படிவம் நிரப்பும் நேரத்தில் திருத்தாமல் கிடக்கும் நோட்டுகளின் உயரம் மாறும்.

அப்புறம், அந்த 3 போடும் பழக்கம் எங்களுக்கும் உண்டு. யாரும் கேள்வி கேட்காத ஒரே எண் அதுதான்.

நிழல்மரம்

சிறப்புக் கல்வி ஆசிரியராக இருக்கிறேன், நடத்தை மதிப்பீடுதான் என் தினசரி வேலை. கரும்பலகை சொல்லும் படிவத்தை நான் மதிப்பீடு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு மாதம் கழித்து ஞாபகத்தில் இருந்து போடும் எண் அது. போன வாரம் உங்களைக் கோபப்படுத்திய பிள்ளைக்கு அதில் கண்டிப்பாக ஒன்று குறையும்.

நாங்கள் செய்வது வேறு. ஒரு பிள்ளை ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்றால் அதனால் அதற்கு ஏதோ கிடைக்கிறது, அல்லது ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்க முடிகிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் மதிப்பீடு. இந்த வழிமுறைக்கு அடித்தளம் போட்டது 1982இல் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவும் செய்த ஆய்வு. தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைகளை வெவ்வேறு சூழலில் வைத்துப் பார்த்தார்கள்: ஒன்றில் அப்படிச் செய்தால் பெரியவரின் கவனம் கிடைக்கும், ஒன்றில் கொடுத்த வேலை நிற்கும், ஒன்றில் குழந்தை தனியாக இருக்கும், ஒன்றில் விளையாட்டு மட்டும். பார்வைக்கு ஒரே நடத்தை, ஆனால் ஒரு குழந்தைக்கு அது கவனத்துக்காக, இன்னொன்றுக்கு வேலையிலிருந்து விடுபட. அமெரிக்காவில் 1997இல் சிறப்புக் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது இந்த மதிப்பீட்டைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள்.

வகுப்பறையில் இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டால் போதும்: அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, உடனே பின்னால் என்ன நடந்தது. ஒரு பையனைப் பற்றி ‘உட்கார மாட்டேன் என்கிறான், ஊர்சுற்றி’ என்று என்னிடம் அனுப்பினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

ஆசிரியர் ‘இந்தக் கணக்கைப் படித்துவிட்டுப் போடுங்கள்’ என்றார் | பென்சில் முனையை டெஸ்கில் அழுத்தி உடைத்தான், சீவ எழுந்து போனான் | வழியில் இரண்டு பேரோடு பேச்சு, ஆசிரியர் அதட்டல், திரும்பி வரும்போது கணக்கு போர்டில் பாதி முடிந்திருந்தது.

ஆசிரியர் வெறும் பெருக்கல் கொடுத்தார் | உட்கார்ந்த இடத்திலேயே போட்டான், கையைக்கூடத் தூக்கினான் | ‘சரி’ என்றார்.

அடுத்த வாக்கியக் கணக்கு | தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது, எடுக்கப் போனான் | விடையை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இதே மாதிரி சில பீரியட் பார்த்தபோது பையன் ஓடியது கணக்கிலிருந்து இல்லை, படிப்பதிலிருந்து என்று தெரிந்தது. நாலு வரியில் இருக்கும் கணக்கை அவனால் வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை, அதை வகுப்பில் காட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை. கணக்கை ஒருமுறை உரக்க வாசித்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னோம். ‘இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று கேட்க, மேஜை ஓரத்தில் வைக்கும் சின்ன அட்டை ஒன்றும் கொடுத்தோம். தவறான நடத்தைக்குப் பதிலாக உதவி கேட்கும் வழியைக் கற்றுக்கொடுத்தால் அந்த நடத்தை குறையும் என்று கார், டியூரண்ட் இருவரும் 1985லேயே காட்டிவிட்டார்கள், எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. தனியாக வாசிப்புப் பயிற்சியும் நடந்தது. அவனுக்குக் கவனம் 2 என்று போட்டிருந்தால் இதில் எது வெளியே வந்திருக்கும்?

கணக்கு_வாத்தியார்

கேட்க நன்றாக இருக்கிறது. ஊர்சுற்றல் நின்றதா?

நிழல்மரம்

ரொம்பக் குறைந்தது. பென்சில் அவ்வப்போது இன்னும் உடையத்தான் செய்கிறது சார், அந்த வயதில் பென்சில் உடையாமல் இருந்தால்தான் மதிப்பீடு செய்ய வேண்டும்.

கணக்கு_வாத்தியார்

சரி, சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரே பையனைப் பார்க்கலாம், அது உங்கள் வேலை. நான் போர்டைப் பார்த்து நின்றுகொண்டு 45 பேருக்கு இயற்கணிதம் நடத்துகிறேன். மூன்று கட்டம் போட்டு யார் எழுதுவது? எழுதத் திரும்பினால் பின்னால் பேப்பர் ராக்கெட் பறக்கும். அதையும் ‘முன் என்ன நடந்தது: ஆசிரியர் குறிப்பெழுதினார்’ என்று எழுதிக்கொள்ளவா?

நிழல்மரம்

எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் தகவல்தான்! ஆனால் 45 பேருக்கும் அந்தத் தாள் வேண்டாம், சாதாரண வழிகள் எதுவும் பலிக்காத ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குத்தான் அது. மொத்த வகுப்பும் எவ்வளவு ஈடுபாட்டில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கணநேரக் கவனிப்பு இருக்கிறது. இன்னொரு ஆசிரியர் பதினைந்து இருபது நிமிடம் வந்து உட்கார்ந்தால் போதும். போனை அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும்படி வைத்துக்கொண்டு, அதிர்ந்த அந்த நொடியில் மட்டும் ஒரு மாணவரைப் பார்க்க வேண்டும். வேலையில் இருக்கிறாரா, இல்லையா, ஒரு கோடு. அடுத்த அதிர்வுக்கு அடுத்த மாணவர். முடிந்ததும் இருவரும் பாடத்தின் எந்தப் பகுதியில் கோடுகள் சரிந்தன என்று பார்க்கலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. சிலர் ‘இந்த அரை நிமிடத்துக்குள் எப்போதாவது பேசினானா’ என்று குறிப்பார்கள். ஒரு நொடி திரும்பிப் பேசினாலும் அரை நிமிடமும் பேசியதாகக் கணக்காகிவிடும். அப்படி எடுத்த எண்கள் எப்போதுமே பிள்ளையை இருப்பதைவிட மோசமாகக் காட்டும். பெற்றோர் கூட்டத்தில் சதவீதத்தோடு யாராவது வந்தால் எப்படி எண்ணினார்கள் என்று முதலில் கேளுங்கள். அதேபோல் சந்தேகம் இருந்தால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும், 80 சதவீதமாவது ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தாளைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இரு_பிள்ளைகளின்_அம்மா

பெற்றோர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? மேலே எல்லோரும் எப்படி அளப்பது என்றே பேசுகிறீர்கள். அளந்த தாள் எங்கே போகிறது என்று யாரும் பேசவில்லை. என் மூத்தவனுக்கு ஒரு வகுப்பில் ‘எளிதில் கவனம் சிதறும், தூண்டினால்தான் செயல்படுவார்’ என்று எழுதினார்கள். அடுத்த வகுப்பு ஆசிரியை முதல் நாளே, அவனோடு ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே, அதே வரியை என்னிடம் திருப்பிச் சொன்னார். கோப்பைப் படித்துவிட்டார். அதற்கு அடுத்த ஆண்டும் அதே வரி, ஏறக்குறைய அதே எழுத்துகளில். பிள்ளை வளர்ந்துவிட்டான், அந்த வரி மட்டும் வளரவே இல்லை.

மணி_அடிச்சாச்சு

பள்ளி ஆலோசகர். அம்மா சொல்வது ரொம்பச் சரி. 1968இல் வெளியான ஆய்வு ஒன்றில் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் ஒரு தொடக்கப் பள்ளியில் குலுக்கல் முறையில் சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ‘இவர்கள் இந்த ஆண்டு வேகமாக முன்னேறப் போகிறார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே மற்றவர்களைவிட அதிகமாக முன்னேறினார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்று இன்றுவரை சண்டை நடக்கிறது, அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் கோப்பில் இருக்கும் ஒரு வரி ஆசிரியரின் கேள்விகள் யாரை நோக்கிப் போகின்றன என்பதை மாற்றும், அதை நான் தினமும் பார்க்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் பிரித்துவிடலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் போடும் வினாப்படிவம் ஒரு சல்லடை மட்டும்தான். ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட ‘பலங்களும் சிரமங்களும்’ வினாப்படிவம் பலருக்குத் தெரிந்திருக்கும். 25 கேள்வி, ஐந்து பிரிவு: மனவுணர்வு, நடத்தை, துறுதுறுப்பும் கவனமின்மையும், நண்பர்களோடு பழகுதல், பிறருக்கு உதவும் குணம். நான் அதை எடுப்பதே சேட்டைக்காரர்களுக்காக இல்லை, அவர்களை யாரும் தவறவிடப் போவதில்லை. நண்பர்கள் இல்லாமல், வயிற்றுவலி என்று அடிக்கடி சொல்லிக்கொண்டு, சத்தமே போடாமல் இருக்கும் பிள்ளை அதில்தான் அகப்படும். அகப்பட்ட பிறகுதான் வேலையே ஆரம்பம். சல்லடையில் நின்றதை அப்படியே கோப்பில் ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

கடைசி_பெஞ்சு_ராணி

நான் ஆசிரியர் இல்லை, படிப்பை முடித்து மூன்று நான்கு ஆண்டு ஆகிறது. நீங்கள் போன் அதிர வைத்து எண்ணும் அந்த விளையாட்டில் எனக்கு நூற்றுக்கு நூறு கிடைத்திருக்கும். கண் போர்டில், கை நோட்டில், வாய் மூடி. இயற்பியல் வகுப்பு முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். மண்டைக்குள் என்ன ஓடியது என்று எனக்கே தெரியாது, இயற்பியல் மட்டும் ஓடவில்லை. எனக்குப் பின்னால் கலாட்டா செய்துகொண்டிருந்தவள்தான் ‘அது ஏன் சார் அப்படி?’ என்று கேட்டுத் திட்டு வாங்குவாள். ரிப்போர்ட் கார்டில் எனக்கு ‘சிறந்த ஈடுபாடு’, அவளுக்கு ‘ஒழுங்கீனம்’.

மணி_அடிச்சாச்சு

ராணி சொன்னதை ஆய்வாளர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். ஃபிரெட்ரிக்ஸ், புளூமன்ஃபெல்ட், பாரிஸ் மூவரும் 2004இல் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்து எழுதினார்கள்: நடத்தையில் தெரிவது, மனவுணர்வில் இருப்பது, சிந்தனையில் உழைப்பது. பின்வரிசையில் இருந்து எண்ணினால் முதலாவது மட்டும்தான் தெரியும். மற்ற இரண்டுக்கும் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். பாடம் முடிந்ததும் துண்டுச் சீட்டில் ‘இன்று எந்த இடத்தில் தொலைந்து போனாய்?’ என்று ஒரே கேள்வி, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு. பாதிப் பேர் ஒரே இடத்தைச் சொல்வார்கள்.

கரும்பலகை

படித்துக்கொண்டேதான் இருந்தேன், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன்.

பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் வந்து எண்ணச் சொன்னேன், பதிலுக்கு அவர் வகுப்பில் நான் எண்ணினேன். மாணவர்களிடம் ‘பாடத்தைக் கவனிக்க வந்திருக்கிறார்’ என்று மட்டும் சொன்னோம். முதல் முறை எல்லோரும் சிலைபோல உட்கார்ந்ததால் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டோம். அடுத்தடுத்து வந்தபோது அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. சோதனை செய்து காட்டும்போதும் கேள்வி கேட்கும்போதும் கோடுகள் நன்றாகத்தான் இருந்தன. நான் குறிப்பு எழுதிப்போட ஆரம்பித்ததும் இடது பக்கம் மொத்தமும் சரிந்தது. இடது பக்கம் மட்டும் ஏன் என்று முதலில் பிடிபடவில்லை. அவர்தான் சொன்னார், நீங்கள் எழுதும்போது உங்கள் உடம்பே அந்தப் பக்கத்துக்குப் போர்டை மறைக்கிறது, நகர்ந்த பிறகுதான் அவர்கள் எழுதுகிறார்கள், அதுவரை சும்மா இருப்பவர்கள் பேசாமல் என்ன செய்வார்கள் என்று. என் படிவத்தில் 2 வாங்கிய ஐந்து பேரில் நான்கு பேர் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதோடு அவர் தன் விருப்பத்துக்கு இன்னொன்றும் எண்ணியிருந்தார்: நான் யார் யாரிடம் கேள்வி கேட்டேன் என்று. அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத மாட்டேன். வாசலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இப்போது என் கேள்விகள் போய்ச் சேர்கின்றன, அவ்வளவுதான்.

குறிப்பைப் பாதி அச்சடித்துக் கொடுத்துவிட்டேன், மீதியை அவர்கள் தங்கள் சொல்லில் எழுத வேண்டும். இனி ஒரு கேள்வி, நட்சத்திரம் பற்றி. பள்ளியில் நன்றாக நடந்துகொண்டால் நட்சத்திரம் ஒட்டும் அட்டை கொண்டுவரப் போகிறார்களாம். உங்கள் கருத்து?

கணக்கு_வாத்தியார்

நட்சத்திரம் பற்றி நான் சொல்கிறேன், இந்த ஒரு விஷயத்தை நானும் தேடிப் படித்திருக்கிறேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூன்று பேரும் மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் ‘வரைந்தால் விருது’ என்று முன்கூட்டியே சொன்னார்கள், சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், விருதுக்காக வரைந்த குழந்தைகள்தான் சும்மா விட்ட நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். தானாகச் செய்துகொண்டிருந்ததைக் கூலிக்குச் செய்யும் வேலையாக்கினால் கூலி நின்றதும் வேலையும் நிற்கும். என் வகுப்பில் நட்சத்திரம் ஒட்ட மாட்டேன்.

நிழல்மரம்

அந்த ஆய்வு சரி, ஆனால் நீங்களே சொன்னீர்கள், ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகள் என்று. வாக்கியக் கணக்கைக் கண்டாலே ஓடுகிறவனிடம் கெடுப்பதற்கு எந்த ஆசை இருக்கிறது சார்? அவன் முதல் அடி வைக்கும்வரை ஒரு தூண்டுதல் கொடுத்துவிட்டுப் பிறகு மெல்ல விலக்கிக்கொள்ளலாம். 1969இல் பாரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் செய்த நன்னடத்தை விளையாட்டில் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, இடத்தை விட்டு எழுந்தாலோ அனுமதியின்றிப் பேசினாலோ அணிக்கு ஒரு குறி போட்டார்கள். குறி குறைவாக வாங்கினால் இரண்டு அணியுமே ஜெயிக்கலாம். விளையாட்டை நடத்திய பாடத்தில் சத்தம் குறைந்தது, நிறுத்தியதும் திரும்பியது. வாசிப்புப் பாடத்தில் நடத்தியபோது அங்கேயும் குறைந்தது. பரிசும் பெரிதாக ஒன்றும் இல்லை.

கணக்கு_வாத்தியார்

‘நிறுத்தியதும் திரும்பியது’. அதைத்தான் நானும் சொன்னேன்.

அப்புறம் ஒரு வேண்டாத பையனால் அணியே தோற்றால் இடைவேளையில் அவனுக்கு என்ன நடக்கும் என்று எழுதுங்கள்.

நிழல்மரம்

அந்த ஆபத்து உண்மை, மறுக்கவில்லை. மூல ஆய்விலேயே வேண்டுமென்றே விதியை மீறிய இரண்டு மாணவர்களை அணியிலிருந்து விலக்க வேண்டி வந்தது. நான் செய்வதாக இருந்தால் குறி போடுவதைத் திருப்பிப் போட்டு, சரியாகச் செய்ததை மட்டும் எண்ணுவேன். 1968இல் மேட்சன், பெக்கர், தாமஸ் மூவரும் பார்த்தது அதுதான்: விதிகளை மட்டும் சொன்னதில் பெரிய பலன் இல்லை, சரியானதைக் கவனித்து, இன்னது நன்றாக இருந்தது என்று சொன்னபோதுதான் வகுப்பு மாறியது. நட்சத்திரத்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் அதைச் செய்து பார்க்கலாமே.

குறியீட்டாளன்

வெளியாள், மென்பொருள் துறை. இவ்வளவு சிரமம் எதற்கு? வகுப்பில் ஒரு கேமரா வைத்தால் யார் கவனிக்கிறார், யார் சலித்துப் போயிருக்கிறார் என்று செயற்கை நுண்ணறிவு நொடிக்கு நொடி சொல்லிவிடுமே.

கடைசி_பெஞ்சு_ராணி

அண்ணா, நான் மேலே எழுதியதைப் படித்தீர்களா? உங்கள் கேமராவுக்கும் நான்தான் முதல் ரேங்க்.

மணி_அடிச்சாச்சு

2018இல் சீனாவின் ஹாங்சோவில் ஒரு பள்ளியில் அப்படி வைத்தார்கள், அரை நிமிடத்துக்கு ஒருமுறை முகங்களைப் படம் பிடித்து மகிழ்ச்சி, சோகம், கோபம் என்று வகைப்படுத்தியது. கேமராவுக்கு ஏற்ற முகத்தை வைத்துக்கொள்ளத்தானே மாணவர்கள் கற்றுக்கொள்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரியிலிருந்து, மருத்துவம், பாதுகாப்பு தவிர, கல்வி நிலையங்களில் மனவுணர்வைக் கணிக்கும் இந்தக் கருவிகளுக்குச் சட்டப்படி தடை. முகம் சலித்திருந்தால் பாடம் பிடிக்கவில்லையா, தூக்கம் போதவில்லையா, வீட்டில் பிரச்சினையா என்று கேமரா எப்படிச் சொல்லும்? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் பிள்ளையே சொல்லும், சில சமயம்.

கரும்பலகை

தலைமையாசிரியரிடம் பேசினேன். படிவத்தை எடுக்க முடியாது, மேலிருந்து வந்தது என்றார். ஆனால் பின்பக்கம் காலியாக இருக்கிறது, அதில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். 2 அல்லது அதற்குக் கீழே போட்டால் பின்பக்கம் கட்டாயம் என்று வைக்கலாம் என்றிருக்கிறேன். வரைவு:

எந்த நேரத்தில், எந்த வேலையின்போது இப்படி நடக்கிறது? எப்போது நடப்பதே இல்லை? உடனே பின்னால் மாணவருக்கு என்ன கிடைக்கிறது, அல்லது எதிலிருந்து விடுபடுகிறார்? மாணவர் என்ன சொல்கிறார், அவருடைய சொற்களில்? ஆசிரியர் அடுத்த இரண்டு வாரம் எதை மாற்றப் போகிறார்? மாற்றிய பிறகு என்ன ஆயிற்று?

இரு_பிள்ளைகளின்_அம்மா

‘இந்தத் தாள் எப்போது கிழிக்கப்படும்?’ என்பதையும் சேருங்கள். ஆண்டு முடிந்ததும் அடுத்த ஆசிரியர் கைக்குப் போகக் கூடாது. மாற்றியதில் எது பலித்தது என்பது மட்டும் போனால் போதும்.

கணக்கு_வாத்தியார்

‘எப்போது நடப்பதே இல்லை’ நல்ல கேள்வி, அதை முதலில் போடுங்கள். ஆனால் 2 அல்லது அதற்குக் கீழே போட்டால்தான் பின்பக்கம் என்று வைத்தால் என்ன நடக்கும் தெரியுமா டீச்சர்? அடுத்த மாதம் பள்ளியில் ஒருத்தருக்கும் 2 இருக்காது. எல்லோருக்கும் 3.

கரும்பலகை

ஐயோ, ஆமாம். அப்படியானால் மதிப்பெண்ணோடு கட்டவே வேண்டாம். மாதத்துக்கு இரண்டு மாணவர், ஆசிரியரே தேர்ந்தெடுக்கலாம், அதில் ஒருவர் கட்டாயம் சத்தமில்லாத பிள்ளையாக இருக்க வேண்டும். இது சரியா?

கணக்கு_வாத்தியார்

இரண்டு பேர் என்றால் நானும் எழுதுவேன். அந்த இயற்கணிதப் பீரியடுக்கு வந்து யாராவது எண்ணித் தருவீர்களா? நான் போய் அவர்கள் வகுப்பில் எண்ணித் தருகிறேன்.